“கிராக்கி இல்லை” என்பது யார் பேச்சு?

கிராமத்துக்கு அதிவேக இணையக் கம்பி ஏன் வரவில்லை என்று கேட்டால், கம்பெனிக்காரர்கள் “அங்கே கிராக்கி இல்லை” என்கிறார்கள். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் நடந்ததை வைத்து இந்த வாதத்தைப் பரிசீலிப்போம்.

இது பழைய பல்லவி. 1930-களின் மத்தியில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. வீடுகள் தூரம் தூரமாக இருக்கின்றன, கம்பி இழுத்தால் லாபம் கட்டாது என்றார்கள் மின்சார முதலாளிகள். 1935-ல் சர்க்கார் கிராம மின்மயமாக்கலுக்கென்று ஒரு நிர்வாகத்தை அமைத்துக் கடன் கொடுத்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் வைத்துக் கம்பி இழுத்தார்கள். பிறகு மின்சாரம் வேண்டாமென்று யார் சொன்னார்கள்?

அதே 1935-ல்தான் டென்னசியின் சட்டனூகா நகரத்துக்குச் சொந்தமாக மின்சார வாரியம் ஏற்பட்டது. முக்கால் நூற்றாண்டு கழித்து இந்த வாரியமே வீட்டுக்கு வீடு கண்ணாடி இழைக் கம்பி கொண்டுவர முன்வந்தது. கேபிள் கம்பெனிகள் சும்மா இருந்தனவா? கோர்ட்டுக்கு ஓடின, ஆனால் தடுக்க முடியவில்லை. 2009-ல் மின்கட்டமைப்பை நவீனப்படுத்த மத்திய சர்க்கார் 11 கோடி டாலருக்கு மேல் மானியம் தந்தது. 2010 செப்டம்பரில், நொடிக்கு 1 ஜிகாபிட் வேக இணையம் வாரியத்தின் எல்லைக்குள் எந்த வீட்டுக்கும் கிடைக்கும் என்ற நிலை வந்தது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். அந்த வேகத்துக்கு அப்போது மாதக் கட்டணம் 350 டாலர். வாங்கியவர்கள் மிகச் சொற்பம். “பார்த்தீர்களா, கிராக்கி இல்லை!” என்று அன்றே கணக்கை மூடியிருக்கலாம். வாரியம் மூடவில்லை. 2013-ல் கட்டணத்தைச் சுமார் 70 டாலராகக் குறைத்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் சேர்ந்தன. ஜனங்கள் மாறவில்லை, விலைதான் மாறியது.

எல்லைக்கு வெளியே இருந்த கிராமத்து ஜனங்களும் எங்களுக்கும் கம்பி வேண்டும் என்று கேட்டார்கள். கொடுக்க வாரியமும் தயார். ஆனால் மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. 2015-ல் மத்திய தகவல்தொடர்பு ஆணையம் அந்தத் தடை செல்லாது என்றது. 2016-ல் மேல்முறையீட்டுக் கோர்ட் ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது. கேட்பவர் இருந்தும், கொடுப்பவர் இருந்தும், கம்பி கோட்டைத் தாண்டவில்லை.

2020-ல் தொற்று நோயால் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது பள்ளி நிர்வாகமும் வாரியமும் சேர்ந்து, சுமார் 28,000 ஏழை மாணவர்களுக்கு வீட்டில் இலவச இணைப்பு தரும் திட்டத்தைத் தொடங்கின. கம்பி பொதுச் சொத்தாக இருந்ததால் இது சாத்தியமாயிற்று.

ஆகவே தோழர்களே, “கிராக்கி இல்லை” என்று இனி யார் சொன்னாலும் நாம் மூன்று கேள்வி கேட்போம். என்ன விலைக்குக் கிராக்கி இல்லை? கம்பி யாருக்குச் சொந்தம்? எல்லைக் கோட்டைப் போட்டது யார்?