பூசாத சுவர்

(ஒடுகத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



நான் பேச எடுத்துக்கொண்டது செங்கல் சுவர். ஜவ்வாது மலையடிவாரத்தில் தெருவுக்குத் தெரு வீடு எழும்பிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், நமக்கு இதைவிட நெருக்கமான பொருள் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் பேச்சை இங்கிலாந்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1859இல் லண்டனுக்கு வெளியே பெக்ஸ்லிஹீத்தில் வில்லியம் மாரிஸ் என்ற இருபத்தைந்து வயதுக் கவிஞர் தமக்கொரு வீடு கட்டத் தொடங்கினார். வரைந்து கொடுத்தவர் நண்பர் பிலிப் வெப். செங்கல்லின் மேல் சாந்து பூசி, கருங்கல்போலக் கோடு கிழித்துக் காட்டுவது அன்று வசதியானவர்களின் வழக்கம். வெப் பூசவில்லை. செங்கல்லைச் செங்கல்லாகவே விட்டார். ‘ரெட் ஹவுஸ்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். நம் ‘ட’ எழுத்தைப்போல மடங்கும் வீடு. மடிப்புக்குள் கூம்புக் கூரை போட்ட கிணறு. செங்குத்தாக இறங்கும் ஓட்டுக்கூரை. சன்னல்களை வெளியழகுக்காக வரிசைப்படுத்தாமல், உள்ளே அறைக்கு வேண்டிய இடத்தில் வைத்தார். ஒரு குறை உண்டு: முக்கிய அறைகள் வடக்குப் பார்த்தவை, அந்த நாட்டுக் குளிருக்கு ஒவ்வாதவை. 1865இல் மாரிஸ் அங்கிருந்து வெளியேறினார். ஆனால் பூசாத சுவர் என்ற எண்ணம் அந்த வீட்டோடு நின்றுவிடவில்லை.

நம் கொத்தனார்களுக்கு இது வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1892இல் திறந்த சென்னை உயர் நீதிமன்றத்தைப் பாருங்கள். ஹென்றி இர்வின் மேற்பார்வையில் அதைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். அந்தச் சிவப்புச் சுவர்களில் ஒரு வரி கோணியிருந்தால் மறைக்கப் பூச்சு கிடையாது. கரணை பிடித்தவரின் கை அப்படியே வெளியே தெரியும். அதனால்தான் அந்தக் கை அவ்வளவு கவனமாக இருந்தது என்று நான் நம்புகிறேன்.

இனி லாரி பேக்கர். 1917இல் பர்மிங்காமில் பிறந்தவர். தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைக் கட்டடப் பணிக்காக 1945இல் இந்தியா வந்தார். கரிகிரி தொழுநோய் மருத்துவமனையை அறிந்த வேலூர்க்காரர்களுக்கு அந்தப் பணியின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றுவட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்று காந்தி அவரிடம் சொன்னதைக் கடைசிவரை கைவிடவில்லை. பிறகு திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் மறையும்வரை பூசாத செங்கல்லில் வீடுகளும் கல்விக்கூடங்களும் கட்டினார்.

அவர் பரப்பியது, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் எளிய வீடுகளிலேயே புழங்கிய எலிப்பொறிக் கட்டு. கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். உள்முகமாக ஒன்று, வெளிமுகமாக ஒன்று, நடுவே ஏறத்தாழ மூன்று அங்குல இடைவெளி, இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒரு கல். சுவர் என்னவோ அதே ஒன்பது இஞ்ச்தான். செங்கல்லில் சுமார் நாலில் ஒரு பங்கு மிச்சம், கலவையும் குறைவு. நடுவில் அடைபட்ட காற்று வெயிலை எளிதில் உள்ளே விடாது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெக்கையைத் தாங்கும் நமக்கு இதுவே போதுமான காரணம்.

எனக்கு அதைவிடப் பெரிய காரணம் சூளை. நாலில் ஒரு கல் குறைந்தால் அந்த அளவு வண்டல் மண் பூமியிலேயே தங்கும், அந்த அளவு விறகு எரியாது. முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்குப் போய், பிள்ளைகளின் படிப்பை அங்கேயே தொலைப்பவர்கள் வட மாவட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அவர்கள் கைபட்ட கல்லை அலட்சியமாக உடைத்துக் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி, அதன்மேல் பெயிண்ட் அடிப்பது எனக்கு மனம் பொறுக்காத செயல். பூச்சுக்குப் போகும் பணத்தில் கணிசமான பங்கு சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. அதில் ஒரு பகுதியை நிதானமாகக் கட்டும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூடுதல் கூலியாகக் கொடுக்கலாம். பேக்கர் ஓயாமல் வாதாடியதும் இதற்காகத்தான்.

எச்சரிக்கைகள் உண்டு. நம் நாட்டுச் செங்கல் ஒரே சூளையில்கூட ஒரே வேக்காடாக இருக்காது. வெந்த கல்லைப் பொறுக்கி எடுத்தே ஆக வேண்டும். தரைமட்டத்து வரி, சன்னலுக்கு அடியில் வரும் வரி, லிண்டலுக்குக் கீழ்வரி, கதவு நிலையின் இருபுறம் ஆகிய இடங்களில் இடைவெளி விடாமல் கெட்டியாகக் கட்ட வேண்டும். மழைச் சாரல் சுவரில் அடிக்காதபடி கூரை இரண்டடியாவது வெளியே நீள வேண்டும். மின்குழாய்க்கான வழியைக் கட்டும்போதே முடிவு செய்துவிட வேண்டும், பிறகு சுவரைக் கொத்தக்கூடாது.

இந்த ஊரில் அடுத்து எழும்பும் அங்கன்வாடியோ நூலகமோ இந்தச் சுவரோடு எழும்ப வேண்டும் என்று இந்த அவையிடமே கேட்கிறேன். மதிப்பீடு போட்டுத் தரவும், கொத்தனார்களோடு நின்று முதல் வரியைப் பார்க்கவும் நான் வருகிறேன்.