மழை கரைக்கும் நீலக் கல்

பயிரின் பூஞ்சண நோய்க்குச் சுண்ணாம்புடன் கலந்து தெளிக்கும் மயில்துத்தத்தை நாம் அறிவோம். கடையில் கிடைப்பது ஆலையில் செய்யப்பட்டது. இயற்கையில் அது அரிய கனிமம். 'சால்கந்தைட்' என்பது அதன் பெயர்.

செம்பும் கந்தகமும் சேர்ந்த தாதுவைக் காற்றும் நீரும் தாக்க, செம்பு கரைந்த நீர் கசிகிறது. அந்நீர் வற்றும்போது நீலப் படிகம் விளைகிறது. நீரில் எளிதில் கரைவதால் நம் மழைநாட்டு வெளியில் அது நிலைப்பதரிது. சிலி நாட்டின் வறண்ட அத்தகாமா பாலைவனச் சுரங்கங்களில் நிலைக்கிறது. சூடேற்றினால் தன்னுள் உள்ள நீரை இழந்து வெளுக்கும். நீர் பட்டால் மீண்டும் நீலமாகும்.

அழகாயினும் அது நஞ்சு. பாலில் செம்பு சிறிது கலந்தாலும் ரப்பர் விரைவில் பிசுபிசுத்துக் கெடும். ஆகவே மயில்துத்தத்தைப் பால் வாளிகளுக்கு அப்பால், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைப்போமாக.