விரல் படாத விசைப்பலகை



விசைப்பலகையில் ஆங்கில ‘ஏ’ எழுத்தை நாம் அழுத்துங்கால் லினக்ஸ் கணினி காண்பது யாது? விரலை அன்று, 30 என்னும் எண்ணை. அதனோடு 1 வந்தால் அழுத்தம், 0 வந்தால் விடுவிப்பு. நம்மைப் போன்ற ஒரு மாணவராய் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் 1991ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய கேர்ணல், அதாவது பணிசெயல் முறைமையின் உட்கரு, இவ்வெண்களையே ஏனைய மென்பொருள்களுக்கு வழங்குகிறது.

அவ்வெண்களை ஒரு நிரலே அனுப்பினால்? அதற்கென்றே கேர்ணலில் ‘யூஇன்புட்’ என்றொரு வாயில் உளது. நமது நிரல் அதனைத் திறந்து, இன்னின்ன விசைகள் தன்னிடம் உண்டெனப் பதிவுசெய்துகொண்டால், புதியதொரு விசைப்பலகை பிறந்துவிடும். சுட்டியும் அவ்வாறே, வலப்புறம் இத்தனை அலகு, கீழே இத்தனை அலகு என எழுதினாற் போதும். ஒவ்வொரு செய்தியின் ஈற்றிலும் முடிவுக்குறி இடல் வேண்டும்.

முதன்முதல் முயன்றபோது நாம் அந்த 0 ஐ அனுப்ப மறந்தோம். திரை முழுவதும் ஒரே எழுத்து, மாரிமழைபோல்! நிரலை நிறுத்திய பின்னரே ஓய்ந்தது.

விளையாட்டன்று இது. கை வழங்காத ஒருவர் தலையசைவாலோ குரலாலோ கடிதம் எழுதலாம். கடிதம் எழுதும் மென்பொருளில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதே வாயிலாற் கள்ள நிரலொன்று நம் பெயரால் தட்டெழுதவுங் கூடும். அதனாலேயே பொதுவாக நிருவாகிக்கு மாத்திரம் அதனைத் திறக்கும் உரிமை உண்டு. வசதி கருதிச் சிலர் எல்லார்க்கும் திறந்துவிடுகின்றனர். நமக்கு அது உடன்பாடன்று. உதவி நிரலை இயக்கும் கணக்கு ஒன்றுக்கு மாத்திரம் உரிமை கொடுத்தாற் போதும்.