தோண்டுமுன் மண்ணை அறிவோம்

நெய்யாறு கடலோடு கலக்கும் பொழிமுகத்தை அடுத்து அமைந்தது பொழியூர். அதைத் தாண்டியதும் தமிழ்நாட்டின் நீரோடியும் கொல்லங்கோடும் தொடங்கிவிடுகின்றன. 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்ததேயன்றி மண் பிரியவில்லை. இருபுறமும் கரையோரத்தில் மணல். சற்று உள்ளே தென்னையும் மரவள்ளியும் செழிக்கும் செம்மண்.

இக்கடற்கரை மணலில் இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கான், மோனசைட்டு முதலிய கனமான தாதுக்கள் கலந்துள்ளன. மோனசைட்டு இங்கு இருப்பதை 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். அன்றுமுதல் மணவாளக்குறிச்சி தாது மணலுக்குப் பெயர் பெற்றது. கொல்லங்கோடு, ஏழுதேசம், மிடாலம் முதலிய ஊர்களில் ஏறத்தாழ 1,144 ஹெக்டேர் நிலத்தில் இம்மணலை எடுக்கும் திட்டம் 2024-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, கரையோர மக்களிடையே கவலையும் எதிர்ப்பும் எழுந்தன. சுரங்கம் வேண்டுமா, வேண்டாமா என்பது பெரிய வினா. அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு முன்னர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தோண்டிய நிலம் மீண்டும் விளைநிலமாகுமா என்பதே அது.

நிலத்தின் மேலே ஒரு முழ அளவில் உள்ள மண்ணே பயிரின் வாழ்விடம். மக்கிய தழையும், மண்புழுவும், வேரோடு கூடிவாழும் நுண்ணிய பூசணங்களும், விதைகளும் அங்கேதான் உள்ளன. கீழே செல்லச் செல்ல இவை குறைந்துவிடும். எல்லாவற்றையும் ஒன்றாக வாரிக் குவித்து, பின்னர் ஒன்றாகவே குழியில் தள்ளினால், அடிமண் மேலே வரும். மேல்மண் ஆழத்தில் புதையும். குழி நிரம்பிவிடும், ஆனால் நிலம் திரும்பாது.

ஆகவே முதல் வேலை மண் ஆய்வு. நிலத்தில் பல இடங்களில் ஆள் இறங்கும் அளவுக்குக் குழி வெட்டி, ஒவ்வோர் அடுக்கின் கனம், நிறம், மணலும் களியும் கலந்துள்ள அளவு, புளிப்பு, உப்பு ஆகியவற்றைக் குறித்துப் படமாக வரைவர். இத்துறையில் வழிகாட்ட, நாகபுரியில் தேசிய மண் ஆய்வு, நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனம் இயங்கி வருகிறது. கடற்கரையில் நிலமட்டத்தையும் கிணற்று நீரின் தன்மையையும் சேர்த்து அளக்க வேண்டும். ஏனெனில், கனத்த தாது நீங்கிய பின் மிஞ்சுவதைக் கொண்டு நிரப்பினால் நிலம் முன்னிலும் தாழக்கூடும்; உவர்நீர் வேரை எட்டக்கூடும். கழுவிய வெறும் மணலோ நீரையும் உரத்தையும் பிடித்து வைக்காது.

இரண்டாவது, மண்ணைக் கையாளும் முறை. மேல்மண்ணைத் தனியே, ஈரமற்ற நாளில் எடுக்க வேண்டும். உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றின்றி உயிர்கள் மடியும். எனவே தாழ்ந்த மேடுகளாக இட்டு, அவற்றின்மேல் சணப்பு, கொழுஞ்சி போன்ற பசுந்தாள் செடிகளை வளர்க்க வேண்டும். நெடுநாள் காத்திராமல், அடிமண் கீழும் மேல்மண் மேலுமாகப் பழைய வரிசையிலேயே பரப்ப வேண்டும். கனத்த வண்டிகள் அதன்மேல் ஓடினால் மண் இறுகி, வேர் இறங்காது.

நெய்வேலியைப் பாருங்கள். 1956-ஆம் ஆண்டில் நிறுவனம் தொடங்கி, 1961-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அங்கே ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கனமீட்டருக்கும் மேற்பட்ட மண்ணும் மணற்பாறையும் அகற்றப்பட வேண்டும். அந்த மேடுகளில் மரம் வளர்த்தும், நிரப்பிய நிலத்தில் பயிர் செய்தும் பார்த்திருக்கிறார்கள். எரு, பசுந்தாள், நீர், பல்லாண்டு உழைப்பு ஆகியவை வேண்டியிருந்தன. உழவன் தலைமுறைகளாகத் தேடிய செழிப்பை மீண்டும் உண்டாக்குவது அத்துணை அரிது.

இதனை உணர்ந்தே அமெரிக்க நாடு 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தில், நிலக்கரிக்காகச் சிறந்த விளைநிலத்தைத் தோண்டுமுன் மண் ஆய்வு வேண்டும் என்று விதித்தது. நம் நாட்டிலும் நிலக்கரி போன்ற சில நீங்கலாக உள்ள கனிமங்களுக்கு, 2017-ஆம் ஆண்டு விதிகள் மேல்மண்ணைத் தனியே எடுத்து, நிலத்தைச் சீர்படுத்தப் பயன்படுத்தக் கட்டளையிடுகின்றன.

எல்லைக்கு இப்பால் வாழும் நம்மில் பலருக்கு அப்பால் தோப்பும் துரவும் உண்டு. நிலம் கேட்டு எவரேனும் வருவாராயின், விலையை மட்டும் கேட்டு அமைதல் போதாது. மண் ஆய்வின் படம் எங்கே? மேல்மண் எங்கே வைக்கப்படும்? எத்தனை மாதத்தில், எந்த மட்டத்தில் திரும்பும்? பயிர் விளைந்தது என்று சான்று கூறுவார் யார்? இந்நான்கு வினாக்களுக்கும் எழுத்தில் விடை பெறுவது உங்கள் கடமை. தோண்டிய பிறகு கேட்டால், விடை சொல்ல மண் அங்கே இராது.