இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தும் மருந்தாளுநர் துணையும்



இன்று நாம் ஆராயப்போகும் மருந்து மாட்டுத் தொழுவத்தில் பிறந்தது என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1920-களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் மாடுகள் குருதி பெருகி மாண்டன. பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் என்னும் தீவனமே காரணம் என்று பிராங்க் ஸ்கோபீல்டு என்னும் கால்நடை மருத்துவர் கண்டார். 1933-ல் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர், இறந்த பசுவையும், உறையாத இரத்தத்தையும், கெட்ட தீவனத்தையும் கார்ல் பால் லிங்க் என்னும் அறிஞரின் கூடத்திற்கே கொண்டு சென்றார். அந்த ஆராய்ச்சியின் பயனாகத் தோன்றிய வார்ஃபரின், 1948-ல் எலி மருந்தாகவும், 1954-ல் மனிதர்க்குரிய மருந்தாகவும் வந்தது. நம் வயல்களில் எலிக்கு வைக்கும் புரோமடியோலோனும் இதே இனத்தைச் சேர்ந்ததாகும்.

எலியைக் கொல்வது மனிதனைக் காப்பது எவ்வாறு? அளவுதான் காரணம். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப் பெற்றவர்க்கும், காலின் நாளங்களில் இரத்தம் கட்டியவர்க்கும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்க்கும் வைத்தியர்கள் வார்ஃபரினையோ, அதன் இனமான அசினோகுமரோலையோ அளிக்கின்றனர். அளவு குறைந்தால் இரத்தம் கட்டிப் பக்கவாதம் வரும். மிகுந்தால் குருதிப்போக்கு உண்டாகும். ஆகவே ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்துகொள்ளல் வேண்டும். இம்மருந்து உண்ணாதவர்க்கு இது ஏறத்தாழ 1 இருக்கும். உண்பவர் பெரும்பாலோர்க்கு 2 முதல் 3 வரை இருத்தல் நலம். சில வகை வால்வுகளுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

வைத்தியர் நோயாளியைச் சில வாரங்களுக்கு ஒருமுறையே காண்கிறார். இடையில் முதுகுவலிக்கும் காய்ச்சலுக்கும் அவர் மருந்து வாங்க வருவது மருந்தாளுநர்களாகிய எங்களிடமே. இடர் புகும் வாயிலும் அதுவே. அதைத் தடுக்கும் இடமும் அதுவே. ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் குருதிப்போக்கை வரவழைக்கும். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூக்கனசோல் ஆகியவை இம்மருந்தின் வேகத்தை மிகுவிக்கும். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசினோ அதைக் குறைத்துவிடும். நோயாளி தாம் உண்ணும் மருந்தைச் சொன்னால்தான் நாங்கள் இதனைக் கவனித்து வைத்தியருக்கு அறிவிக்க இயலும். அளவை மாற்றும் உரிமை வைத்தியருடையது. மாற வேண்டிய தருணத்தை அவருக்கு உணர்த்துவது எங்கள் கடமை.

உணவைப் பற்றியும் ஒரு சொல். முருங்கைக் கீரை முதலிய கீரைகளில் உள்ள வைட்டமின் 'கே' இம்மருந்துக்கு எதிராக வேலை செய்யும். ஆயினும் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறைய உண்டு மறு வாரம் அறவே நிறுத்துவதே தவறு. எப்போதும் ஒரே அளவாக உண்பது நன்று. மதுவை விலக்க வேண்டும். ஒரு வேளை மருந்து தவறினால் மறுநாள் இரட்டிப்பாக உண்ணலாகாது. கருவுற்ற, அல்லது கருவுற விரும்பும் பெண்கள் உடனே வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும். ஆனால் தாமாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

ஈறில் இரத்தம் கசிதல், மலம் கருத்துப் போதல், சிறுநீர் சிவத்தல் ஆகியவை எச்சரிக்கைகள். அரிவாள் பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரைக. தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிடினும் தாமதிக்க வேண்டா.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை மூன்று உண்டு. இம்மருந்து உண்போர் எல்லோரும் மருந்தின் பெயர், அளவு, கடைசிப் பரிசோதனை எண் ஆகியவை எழுதிய அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்கும்படி கிராமசபையில் எடுத்துரைக்கலாம். பரிசோதனைக்கு நகரம் செல்ல இயலாத முதியோர்க்கு வண்டி வசதி செய்து தரலாம். சீட்டின்றி வலி மாத்திரை வாங்கும் வழக்கத்தைக் கண்டிக்கலாம்.

கெட்ட தீவனத்தின் உண்மையை அறிய அன்று விவசாயியும் அறிஞரும் கைகோத்தனர். இன்று வைத்தியரும் மருந்தாளுநரும் நோயாளியும் அவ்வாறே கைகோப்பார்களாயின், நம் ஊரில் பல உயிர்கள் காக்கப்படும் என்பது திண்ணம்.