பரீட்சையும் நாணயமும்
(உடன்குடியில் பேசியதன் சுருக்கம்)



உடன்குடிக் கருப்பட்டி என்றால் வெளியூரான் ருசி பாராமலே வாங்குகிறான். அதில் ஒருவன் சீனியைக் கலந்து விற்றால் கெடுவது அவன் பெயர் மாத்திரமா? விடியுமுன் பனையேறிப் பதநீர் இறக்கி, யோக்கியமாய்க் காய்ச்சுகிறவன் சரக்கையும் நாளை எவனும் நம்பமாட்டான். பரீட்சை சர்ட்டிபிகேட்டின் சங்கதியும் இதுதான்.

பரீட்சைக்கு முன் உத்தியோகம் எப்படிக் கிடைத்தது? சிபாரிசினால்! கம்பெனி டைரக்டர்கள் கைகாட்டியவர்களே இங்கு கலெக்டராக வந்தார்கள். 1855-ல்தான் லண்டனில் போட்டிப் பரீட்சை வைத்தார்கள். நம்மவன் அதை இந்தியாவிலேயே எழுத 1922 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆகவே பரீட்சையில் புரட்டு நடக்கிறதென்று பரீட்சையையே ஒழித்தால், திரும்பி வருவது சிபாரிசுதான். ஏழை பிள்ளைக்குச் சிபாரிசு செய்ய யார் இருக்கிறார்கள்?

ஆனால் நடந்ததென்ன? 2019 செப்டம்பர் 1-ந் தேதி தமிழ்நாடு சர்வீஸ் கமிஷன் குரூப் 4 பரீட்சை நடத்திற்று. முதல் நூறு இடங்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இராமேஸ்வரம், கீழக்கரை என்ற இரண்டே இடங்களில் எழுதியவர்களுக்குப் போயிற்று. இராமேஸ்வரத் தீர்த்தத்தின் மகிமையோ? இல்லை. சில மணி நேரத்தில் மறையும் மையினால் விடை குறித்தார்களாம். தாள் சென்னைக்குப் போகும் வழியில் சரியான விடை ஏறிற்றாம். விசாரணையில் வெளிவந்தது இது. 2020 ஜனவரியில் 99 பேரை ஆயுள் முழுதும் பரீட்சை எழுதக்கூடாதென்று கமிஷன் தள்ளிற்று.

கவனியுங்கள்! டாக்டர் படிப்புக்கான பரீட்சையில் பெண்பிள்ளையின் தோட்டைக் கழற்றிச் சோதிக்கிறோம். தாளைக் கொண்டுபோகிறவனைச் சோதித்தோமா? ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சீனாவில் எழுதியவன் பெயரை மறைத்து, கையெழுத்தும் தெரியாதபடி விடையை வேறு ஆள் நகலெடுத்த பிறகே திருத்தக் கொடுத்தார்கள். பிள்ளையை மாத்திரமல்ல, பரீட்சை நடத்துகிறவனையும் சந்தேகிப்பதுதான் புத்தி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுதியவன் தன் விடைத்தாளைக் கேட்டுப் பார்க்கலாமென்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு பள்ளிப் பரீட்சை வழக்கில் தீர்ப்புச் சொல்லிற்று. “நம்பு” என்று சொன்னால் “காட்டு” என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. “பணம் கொடுங்கள், உங்கள் பையனுக்கு உத்தியோகம் நிச்சயம்” என்று எந்தத் தரகனாவது உங்கள் வாசலுக்கு வந்தால், அவன் விற்பது உத்தியோகமல்ல, இரவெல்லாம் விழித்துப் படித்த அண்டை வீட்டுப் பிள்ளையின் இடம் என்பதை நினையுங்கள். இன்று அதை நீங்கள் வாங்கினால், நாளை உங்கள் பிள்ளையின் இடத்தை வேறொருவன் வாங்குவான். அப்போது நியாயம் கேட்க உங்களுக்கு வாய் இருக்குமா?