எம் புதுப்பட்டியும் நிலப்படமும்

(எம். புதுப்பட்டியில் தமிழன்பர் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இவ்வூர்ப் பெயரின் முன்னே 'எம்' என்றோர் ஆங்கில எழுத்து நிற்கின்றது. புதுப்பட்டிகள் பல, ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிய அலுவலகத்தார் ஊர்ப்பெயர்க்கு முன் ஓர் எழுத்தை ஒட்டி வைப்பது வழக்கம். மாந்தர்க்கு உள்ளதுபோல் ஊர்க்கும் ஒரு தலையெழுத்து! சென்ற ஆண்டு ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எம் என்றால் எங்கள் என்பதுதானே?" என்று கேட்டான். வகுப்பே நகைத்தது. நான் நகைக்கவில்லை. 'நம்' என்பது கேட்போரையும் உளப்படுத்தும். 'எம்' என்பதோ கேட்போரை விலக்கிப் பேசுவோரை மட்டுமே சுட்டும். ஒரு புள்ளியை நீக்கிவிட்டால் ஆங்கில எழுத்துத் தமிழ்ச்சொல்லாகி, ஊரும் எமக்கே உரியதாகி விடுகின்றது! ஊர்ப்பெயரை நிலப்படத்தில் எழுதும் கை யாருடைய கை என்னும் கேள்வியை அச்சிறுவனே என்னுள் எழுப்பினான்.

பழைய நிலப்படம் ஒன்றைக் கண்டால் அதைக் கடந்து செல்ல என்னால் இயல்வதில்லை. உங்களாலும் இயலாது. விரல் தானாகவே நம் ஊரைத் தேடும். கிடைத்துவிட்டால் தொலைந்த உறவினரைக் கண்டாற்போன்ற மகிழ்ச்சி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்னும் அறிஞர் கிரேக்கத்தில் எழுதிய நிலநூலில் நம் குமரி 'கோமரியா' என்றும், கொற்கை 'கொல்கோய்' என்றும், மதுரை 'மொதௌரா' என்றும் நிற்கின்றன. அவர் தந்த இட அளவைகளைக் கொண்டே பிற்காலத்தார் படம் வரைந்தனர். வியன்னாவில் ஆத்திரிய நாட்டு நூலகத்தில் உள்ள பியூட்டிங்கர் படம் உரோமர் காலப் படமொன்றின் இடைக்காலப் படி; ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுள்ளது. அதன் கீழைக் கோடியில் நம் முசிறி இருக்கின்றது, அருகே ஒரு கோயிலுடன். அயலார் செவி நம் பெயர்களைச் சிதைத்தது உண்மையே. ஆயினும் நம்மால் அடையாளம் காண முடிகின்றதன்றோ?

நம் முன்னோர் நிலத்தை அளக்கவில்லையா என்பீர். அளந்தனர். முதலாம் இராசராசன் ஏறத்தாழ 1001ஆம் ஆண்டில் சோழநாட்டு நிலத்தை அளப்பித்தான். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. கீழ்முந்திரியோ 1,02,400இல் ஒரு பங்கு! நாகைப் புத்தப்பள்ளிக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோது பெண்யானையை எல்லை சுற்றி நடத்தி, வாய்க்கால் எது, வயல் எது என்று திசைதோறும் செப்பேட்டில் பொறித்தனர். அது கோட்டால் வரைந்த படமன்று. சொல்லால் வரைந்த படம். எல்லைகள் யாவும் தமிழ்ப் பெயரால் நின்றன. அச்செப்பேடுகள் ஆலந்து நாட்டு இலெய்டன் நகர் சென்று, 'இலெய்டன் செப்பேடுகள்' என்றே பெயர் பெற்றன. பெயர் போகும் வழி இது.

பின் வெள்ளையர் வந்தனர். வில்லியம் இலாம்டன் என்பார் 1802 ஏப்பிரல் 10ஆம் நாள் பரங்கிமலையருகே சங்கிலியிட்டு, ஏழரைக் கல் தொலைவை 57 நாள் அளந்தார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்காலேயே பெறலாம். அப்பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம். இவ்வாறே குமரியிலிருந்து இமயம்வரை வலை பின்னினர். அரைத்தொன் எடையுள்ள கோண அளவியை 1808இல் தஞ்சைப் பெரியகோயிலின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நெளிந்தது. வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். அவரோ ஆறு கிழமைபோலத் தாமே அமர்ந்து அதனைச் செப்பனிட்டார். அயலாரெனினும் இவ்வுழைப்பை நான் இகழேன். சங்கிலி இழுத்தோரும் கருவி சுமந்தோரும் இந்நாட்டு மக்களே. அவர்தம் பெயர் படத்தின் எந்த மூலையிலும் இல்லை.

ஆனால், அளவையில் மயிரிழையும் பிசகாதவர்கள் பெயரில் மட்டும் எதையும் பொருட்படுத்தவில்லை. தூத்துக்குடி 'டூட்டிகொரின்' ஆயிற்று. திருநெல்வேலி 'டின்னவெல்லி' ஆயிற்று. 2020 சூன் திங்களில் 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுத அரசு ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டலில் எழுந்த குறைபாடுகளால் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. ஒருமுறை படத்திலேறிய பிழையை இறக்குவது அத்துணை அரிது.

இம்மண்ணில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விருதுநகரில் 1956 சூலை 27 முதல் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார், இம்மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடக் கேட்டு, பல நாள் பசித்திருந்து அக்டோபர் 13இல் உயிர் நீத்தார். 1969 சனவரி 14இல்தான் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. படத்தில் ஒரு பெயர் மாற ஓர் உயிரும் பன்னிரண்டு ஆண்டுகளும் வேண்டியிருந்தன.

மாநிலப் பெயர் வந்துவிட்டது. வயற்பெயர்கள்? அரசின் புலப்படத்தில் ஒவ்வொரு புன்செய்க்கும் எண் உண்டு, பெயர் இல்லை. உழுதவன் எண்ணிட்டா அழைத்தான்? ஆலமரத்துச் செய், கிணற்றடிச் செய், பாறையடி என்றன்றோ அழைத்தான்! கரிசலை விட்டுப் பிள்ளைகள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சகத்திற்கும் போனபின் அப்பெயர்களைச் சொல்ல வீட்டுக்கொரு கிழவரே எஞ்சியுள்ளார். நாட்டுக்கே நாள்காட்டி அச்சிடும் சிவகாசி அருகிலிருக்க, நம் ஊர்ப்படம் அச்சிட மையா இல்லை?

என் மாணவர் எண்மர், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கண்மாய்க்கரையிலும் ஓடையோரத்திலும் நடந்து, கேட்டுக் கேட்டு ஒரு படம் வரைந்துள்ளனர். அளவு கோணலாயிருக்கலாம், இலாம்டனார் பொறுத்தருள்வாராக. பெயர்கள் மட்டும் கோணலில்லை. அப்படம் அதோ அந்த விசுப்பலகைமேல் விரிந்துள்ளது. கண்மாய்க்குத் தெற்கே பதினோரிடம் வெற்றிடமாகவே கிடக்கின்றது. மூத்தோர் எவரும் சொல்லாமல் வீடு திரும்ப வேண்டா. பையன்கள் கரிக்கோலுடன் காத்திருக்கின்றனர்.